அடுப்புக்குப் பிறகுதான் திரை: வடலூர் வழிபாட்டை இங்கே நடத்துவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசம் என்றதும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு வெள்ளிரதமும் பத்துமலையும்தான் நினைவுக்கு வரும். துன் எச்.எஸ்.லீ சாலை மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து ரதம் கிளம்பிவிட்டால் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல். அதே பூசத்தன்று கடலூர் மாவட்டத்து வடலூரில் காவடி இல்லை, ரதம் இல்லை. ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டும் ஒரு விளக்குச் சுடரைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டமும் கூடுகிறது. அந்த ஜோதி தரிசனத்தை நம் நகரிலும் ஆங்காங்கே மண்டபங்களிலும் வீடுகளிலும் அன்பர்கள் நடத்தி வருகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அழைப்பிதழ்களைப் பார்த்தால் ஏழு திரை, மலர் அலங்காரம், சொற்பொழிவாளர் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன. 'அன்னதானம் வழங்கப்படும்' என்பது அடியில் ஒரு வரி. அந்த அன்னதானத்தைச் சாப்பிடுவதும் வீட்டில் உலை வைத்துவிட்டு வந்தவர்களே. இந்த வழிபாட்டை வகுத்த வள்ளலார் இராமலிங்க அடிகள் வைத்த வரிசை இதுவல்ல என்பதைச் சொல்லவும், அந்த வரிசைப்படி செய்ய விரும்புவோருக்குச் செய்முறையை விளக்கவும் இதை எழுதுகிறோம்.

வடலூரில் முதலில் எழுந்தது ஜோதி தரிசனம் நடக்கும் சபை அல்ல, சமையற்கட்டு. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக் கொடுக்க, 1867 மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கியது. அங்குள்ள அணையா அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். இராமலிங்க அடிகள் அன்று மூட்டிய நெருப்பு இன்றைக்கும் அணையாமல் காக்கப்படுகிறது. எண்கோண வடிவிலான சத்திய ஞான சபை திறக்கப்பட்டது 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. நடுவே நாலேமுக்கால் ஆண்டு நெருப்பு எரிந்தது, பசி ஆறியது, திரை ஒன்றும் தொங்கவில்லை. இங்கே மன்றம் தொடங்குவோர் துணிக்கடைக்குப் போவதற்கு முன் பாத்திரக் கடைக்குப் போகலாம் என்பதே எங்கள் கட்சி.

சாப்பாடு என்று எடுத்தவுடன் சோறு, சாம்பார், கூட்டு, பாயசம் என்று போக வேண்டியதில்லை. அதற்கு நூறு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி, இரண்டரை கிலோ துவரம் பருப்பு, எட்டுப் பத்துக் கிலோ காய்கறி, நறுக்க ஐந்தாறு கை வேண்டும். மாதப் பூசத்துக்கு ஒரு முறை கூடும் சிறு குழுவுக்குக் கஞ்சியே ஏற்றது. நூறு பேருக்கு ஐந்து கிலோ அரிசி (நொய்யரிசி கிடைத்தால் இன்னும் நல்லது, விரைவில் குழையும்), ஒரு கிலோ பாசிப்பருப்பு, 45 லிட்டர் தண்ணீர். கையளவு வெந்தயம், 200 கிராம் இஞ்சி, 50 கிராம் சீரகம், 40 கிராம் மிளகு, இரண்டு பிடி கறிவேப்பிலை. உப்பு 350 கிராம் வரை பிடிக்கும். அதில் பாதியை நடுவிலும் மீதியை இறக்கும்போது சுவை பார்த்தும் போட வேண்டும். தொடக்கத்திலேயே முழுவதையும் கொட்டினால் நீர் சுண்டச் சுண்ட உப்பு தூக்கலாகிவிடும். ஆளுக்கு நானூறு மில்லிலிட்டர், அதாவது இரண்டு பெரிய கரண்டி என்று இந்த அளவு சரியாக வரும்.

இதை ஒரே பானையில் வைக்காதீர்கள். 45 லிட்டர் கொதிக்கும் கஞ்சியை இரண்டு ஆள் தூக்குவது ஆபத்து. கை வழுக்கினால் இருவருக்கும் வெந்துவிடும். 35 லிட்டர் பானை இரண்டு எடுத்துச் சரிபாதியாகப் பிரித்து வையுங்கள். பானை நிரம்ப நீர் வைத்தால் அரிசி பொங்கும்போது வழிந்து அடுப்பின் துளைகளை அடைக்கும், சுடர் மஞ்சளாகும், பானைக்கு அடியில் கரி பிடிக்கும். கால் பங்கு காலியாகவே இருக்கட்டும்.

கஞ்சியில் பெரிய தொல்லை அடிப்பிடிப்பது. திருமண மண்டபங்களில் பயன்படுத்தும் வேக அடுப்பின் சுடர் பானையின் நடுவில் மட்டும் குவிகிறது. மெல்லிய அலுமினியப் பானையில் அந்த இடம்தான் முதலில் தீயும். பருப்பும் வெந்தயமும் அரிசியைவிட முந்தி அடியில் போய் உட்காருகின்றன. ஆகவே பருப்பை லேசாக வறுத்துத் தனியே முக்கால் பதம் வேகவைத்து, அரிசி மலர்ந்த பிறகு சேர்க்க வேண்டும். நீர் தளதளவென்று கொதிக்கும்போது அரிசியைத் தூவி, முதல் பத்து நிமிடம் துடுப்பு பானையின் அடியைத் தொடும்படி இடைவிடாமல் கிண்டினால் கட்டி தட்டாது. அதன்பின் தீயைக் குறைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போதும். அப்படியும் தீய்ந்த வாடை வந்துவிட்டதா? கிண்டவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு மேலாக உள்ளதை வேறு பானைக்கு மொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். அடியைச் சுரண்டினால் பானை முழுக்கக் கசந்துவிடும். பக்கத்தில் ஒரு பத்து லிட்டர் வெந்நீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கட்டும். கஞ்சி நிற்க நிற்க இறுகும். குழாய்த் தண்ணீர் விட்டுத் தளர்த்தினால் சூடும் போகும், கெடவும் தொடங்கும்.

கெடுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அரிசியோடு இயற்கையாகவே வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறோ கஞ்சியோ 60 பாகைக்குக் கீழே ஆறி, நம் ஊர் வெக்கையில் சில மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 'ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்' என்று அம்மாக்கள் சொல்வது இந்த இடத்தில் செல்லாது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்று சுகாதார அமைச்சு ஓயாமல் சொல்வதன் காரணம் இதுதான். அதிகாலை நாலு மணிக்குச் சமைத்துப் பொட்டலம் கட்டி, பூசை முடிந்து பகல் ஒரு மணிக்கு விநியோகிப்பது எந்த வகையிலும் தருமம் ஆகாது. சூடு காக்கும் கலனில் கொதிக்கக் கொதிக்க, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். பாதி நிரப்பிய கலன் சீக்கிரம் ஆறும். தேங்காய்ப்பால், தேங்காய்த் துவையல், தயிர் மூன்றையும் தெருவுக்குக் கொண்டு போகும் உணவில் தவிர்த்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய் போதும்.

புலால் கலவாமை இந்த நெறியின் உயிர். நம் நாட்டில் அது எங்கே நழுவுகிறது என்றால், யாராவது அன்போடு செய்து கொண்டுவரும் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், சூப்பில் நெத்திலி இறங்கியிருக்கும், மீயில் முட்டை சேர்ந்திருக்கும், காய்கறிப் பிரட்டலில் சிப்பிச் சாறு இருக்கும். 'சைவம்தான்' என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல, கறித்துண்டு போடவில்லை என்ற பொருளில் சொல்கிறார்கள். சமைத்த பண்டத்தை ஏற்காமல் அரிசி, பருப்பு, காய் என்று மூலப் பொருளாக மட்டும் வாங்குவதே சிக்கலற்ற வழி. பானை, கரண்டி, வெட்டுப்பலகை எல்லாம் இதற்கென்றே இருக்க வேண்டும். மண்டபத்துப் பாத்திரத்தை இரவல் வாங்காதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது? பசித்தவரிடம் நாடு, சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது என்பது வள்ளலாரின் சீவகாருணிய விதி. சௌகிட்டிலும் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையிலும் இரவில் படுத்திருப்பவர்களில் நம்மவர், மலாய்க்காரர், சீன முதியவர், வெளிநாட்டுத் தொழிலாளர் எல்லாரும் உண்டு. முஸ்லிம்கள் படையலிட்ட பண்டத்தை வாங்கத் தயங்குவார்கள். ஆகவே தெருவுக்குப் போகும் கஞ்சியை விளக்கின் முன் வைத்துப் படைக்காதீர்கள். பானையிலிருந்து நேரே கலனுக்கு மாறட்டும். வள்ளலாரின் சன்மார்க்க நெறியில் இதனால் ஒரு குறையும் வராது, உண்பவரின் வயிறுதான் அங்கே பலிபீடம். என்ன போட்டுச் சமைத்தோம் என்று கேட்டால் நேராகச் சொல்லிவிட வேண்டும், வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. நோன்பு மாதத்தில் பகலில் போய் நிற்காமல் நோன்பு துறக்கும் வேளைக்குப் போங்கள். கம்போங் பாரு பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுதும் நாள்தோறும் பெரிய பெரிய அண்டாக்களில் புபுர் லம்புக் கஞ்சி காய்ச்சி அசர் தொழுகைக்குப் பின் வழங்குகிறார்களே, அந்த ஒழுங்கை ஒரு நாள் நின்று பார்த்தாலே நம்மவர்கள் நிறையக் கற்றுக்கொள்ளலாம். அது இறைச்சி சேர்ந்த கஞ்சி என்பது வேறு விஷயம்.

வார இறுதி இரவுகளில் பல குழுக்கள் ஒரே நடைபாதையில் வந்து நிற்க, ஒருவர் கையில் மூன்று பொட்டலம் சேர்ந்து இரண்டு சாக்கடைக்குப் போகிறது. புதன்கிழமை காலையில் அதே இடத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். 2014இல் நகர மையத்தில் 2 கிலோமீட்டர் சுற்றளவில் தெருவில் உணவு வழங்கக் கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சு அறிவித்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது நினைவிருக்கும். குப்பையும் அப்போது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தை நாமே மறுபடி எடுத்துக் கொடுக்கக் கூடாது. மங்கில் (கிண்ணத்தில்) ஊற்றிக் கொடுத்து, அங்கேயே குடிக்கச் செய்து, மங்கைத் திரும்ப வாங்கிக் கழுவி எடுத்துவருவதே உத்தமம். அதற்கு ஒரு வாளி, இரண்டு பேர், ஒரு மூட்டை கட்டும் பை போதும்.

இனி சபைக்கு வருவோம். திரைகள் ஏழு. முதலில் விலகுவது கறுப்பு, பிறகு நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியில் பல நிறம் கலந்த திரை. முறையே மாயா சக்தி, கிரியா சக்தி, பரா சக்தி, இச்சா சக்தி, ஞான சக்தி, ஆதி சக்தி, சிற்சக்தி. வெள்ளை தூய்மையின் நிறம் என்று எண்ணி அதை ஏழாவதாகத் தொங்கவிடுவதும், வானவில் வரிசையில் அடுக்குவதும் இங்கே காணப்படுகிற பிழைகள். மாதப் பூசங்களில் வடலூரில் ஆறு திரைகளே நீக்கப்படும். ஏழும் விலகுவது தைப்பூசத்தன்று மட்டும். மாதந்தோறும் ஏழையும் நீக்கிக் காட்டினால் தைப்பூசத்துக்கு என்ன மிச்சம்?

விளக்கு பற்றிய பிழை இன்னும் பெரிது. ஞான சபைக்குள் பித்தளை முதலியவற்றால் செய்த குத்துவிளக்கு வேண்டாம், தகரக் கண்ணாடி விளக்கே வைக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஆடியில் வள்ளலார் எழுதி வைத்த விதிகளில் தெளிவாக இருக்கிறது. விளக்கை உள்ளே கொண்டுபோய் வைப்பவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட பெரியவராகவோ இருக்க வேண்டும். தூசு துடைப்பது நான்கு நாளைக்கு ஒரு முறை; துடைப்பவர் குளித்து, காலில் துணி சுற்றி, முழங்காலிட்டு நகர்ந்து துடைக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக அவர் எழுதியிருக்க, நம் மண்டபங்களில் ஆளுயரக் குத்துவிளக்கு ஐந்து முகத்தோடு நிற்கிறது; மன்றத் தலைவர் செருப்பைக் கழற்றியதோடு சரி, நேரே உள்ளே போகிறார். வீட்டு வழிபாட்டுக்கு இந்த விதி முழுவதும் பொருந்தாது என்று வாதிடலாம். வாதிடட்டும். ஆனால் 'வடலூர் முறைப்படி' என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டால் அந்த முறைப்படிதான் செய்ய வேண்டும்.

கண்ணாடி விளக்கில் பாதுகாப்பும் உண்டு. கடைவீட்டு மண்டபத்தில் குளிர்சாதனமும் மின்விசிறியும் ஓடும். ஏழு பாலியெஸ்டர் திரைகள் காற்றில் உள்ளே வளையும். திறந்த சுடராக இருந்தால் ஒரு நொடி போதும். பருத்தித் துணியே எடுங்கள், கடைசித் திரைக்கும் விளக்குக்கும் மூன்றடியாவது இடைவெளி விடுங்கள், தரிசன நேரத்தில் விசிறியை நிறுத்துங்கள், தீயணைப்பான் ஒன்றைத் திரைக்குப் பின்னால் அல்ல, திரை இழுப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். திரைக் கம்பிகளுக்கிடையே அரையடி இல்லாவிட்டால் ஒன்றின் வளையம் மற்றதில் மாட்டும். இழுகயிறு ஏழின் நுனியிலும் அந்தந்தத் திரையின் துணியிலேயே ஒரு துண்டு கட்டிவிட்டால் இருட்டில் கை தவறாது. மேல்விளக்குகளை அணைக்க மறந்தால் கூட்டத்துக்குத் தெரிவது ஜோதி அல்ல, விளக்குக் கண்ணாடியில் பளபளக்கும் குழல்விளக்கு.

உருவச் சிலையை நடுவில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வடலூர் சபையிலேயே லிங்க வழிபாடு நுழைந்து, அது கூடாது என்று 2006இல் அறநிலையத் துறை ஆணையிட்டு, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்துவிட்டது. ஆகவே கேள்விக்கு இடமில்லை. வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவலை ஓதும் வழக்கம் நல்லதே, ஆனால் அது 1,596 அடி. முழுதும் ஓத ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். பசியோடு வந்தவரை அதுவரை உட்காரவைக்காமல் முதலில் உணவு கொடுத்துவிட்டு ஓதலாம். சாப்பிட்டவர் எழுந்து போய்விட்டாரே என்று வருத்தப்படவும் வேண்டாம்.

குருபீடம் என்ற பேச்சும் இப்போது கேட்கிறது. வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் தாம் தங்கிய சித்திவளாக மாளிகையில் 1873 கார்த்திகையில், தம் அறையில் எரிந்த விளக்கை வெளியே வைத்து அதையே ஆராதிக்கச் சொன்ன வள்ளலார், 1874 ஜனவரி 30 அன்று உள்ளே சென்று கதவை அடைத்துக்கொண்டார். வாரிசு என்று ஒருவரையும் அமர்த்தவில்லை. திருஅருட்பாவைப் பதிப்பித்த தொழுவூர் வேலாயுத முதலியாரோ, சீடர் கல்பட்டு ஐயாவோ, பிற்காலத்தில் சபைத் திருப்பணி செய்த கிருபானந்த வாரியாரோ அப்படி ஓர் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளவில்லை. நம் ஊரில் மட்டும் பட்டுத்துணி விரித்த நாற்காலியும் மாலையும் எதற்கு?

கடைசியாக, நேரம். வடலூரில் தைப்பூச ஜோதி தரிசனம் காலை 6, காலை 10, பகல் 1, இரவு 7, இரவு 10, மறுநாள் காலை 5.30 என ஆறு காலம். நமக்கும் தமிழகத்துக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. நம் கணக்கில் காலை 8.30, பகல் 12.30, பிற்பகல் 3.30, இரவு 9.30, நள்ளிரவு 12.30, மறுநாள் காலை 8. நேரலையில் பார்ப்போர் இதில் குழம்பி முதல் காலத்தைத் தவறவிடுகிறார்கள். மாதப் பூசத்துக்குத் தமிழகப் பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் தொடங்கும், முடியும் நேரத்தைப் பார்ப்போரும் இரண்டரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். சில மாதங்களில் அதனாலேயே நாள் மாறிவிடும். மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் கதவடைத்துக்கொண்ட திருஅறையின் தரிசனம் தைப்பூசம் கழிந்து இரண்டாம் நாள்.

தங்கள் நாளிதழின் ஆலய நிகழ்ச்சிப் பகுதியில் இந்த நேரங்களை மலேசிய நேரப்படி வெளியிட்டால் உதவியாக இருக்கும். ஜோதி தரிசன அறிவிப்பு அனுப்பும் குழுக்களிடம், உணவு எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, அழைப்பிதழ் இல்லாதவரும் வரலாமா என்ற மூன்றையும் கேட்டு வாங்கி, அவற்றை அறிவிப்பின் முதல் வரியிலேயே போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சன்மார்க்க அன்பர்கள் சிலர்,
செந்தூல், கோலாலம்பூர்.